ரொட்டிப் பையில் ஒரு முள் துளை

கோடரி மரத்தில்தான் இறங்கியிருக்க வேண்டும்.
ஈரப் பட்டையில் வழுக்கி
ரொசாமெலின் கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே
பூட்ஸோடு சேர்த்து வாய் பிளந்தது.

முதலில் கெட்ட வார்த்தை சொன்னான்.
அப்புறம் என்னைப் பார்த்தான்.
ஏழு வருஷமாய்ப் பார்க்காத பார்வை.
(வேலித் தகராறு. பிறகு சொல்கிறேன்,
அல்லது சொல்லாமலே விடுகிறேன்.)

சாலைக்குக் குதிரையில் இரண்டு நாள்.
ஆறு பெருகியிருந்தால் மூன்று.
ஐசேனின் இந்த மூலையில் ரேடியோவைத் திருப்பினால்
காற்றுதான் பதில் சொல்லும்.

கழுத்துத் துணியை மடித்து வைத்து
என் முழு எடையையும் அதன்மேல் கொடுத்தேன்.
"எடுத்துப் பாரேன், நின்றுவிட்டதா?"
எடுக்கவில்லை.
அடுப்பைத் திறந்து திறந்து பார்த்தால்
ரொட்டி வேகுமா?
எதிர் மலையை அந்த ஒற்றை மேகம் தாண்டும்வரை
அப்படியே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு தீ.
நனைந்த லெங்கா விறகு
எரிவதைவிட அழுதது அதிகம்.
மாத்தே போடும் கெண்டியில் நீர் தளதளவென்று கொதித்ததும்
ஓடையில் கழுத்தளவு இறக்கி ஆறவிட்டேன்.
அந்த ஆறும் நேரம்
அன்றைக்கு எல்லாவற்றையும்விட நீளம்.

துண்டு சோப்பில் முழங்கைவரை கழுவினேன்.
கத்தி முனையால் நகக்கண் சுரண்டினேன்:
ஆட்டுக் கொழுப்பு, பிசின்,
காலையில் தொட்ட சேணத்தின் எண்ணெய்.

அவன் சாராயக் குப்பியை நீட்டினான்.
"இதை ஊற்று."
வாங்கி ஒரு மடக்கு நான் குடித்துவிட்டு மூடினேன்.
கிருமியோடு சதையையும் சுடும் அது.
அதற்கு வழி தொண்டை மட்டும்.

ரொட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பை.
உதறி, கொதித்த நீரில் இரண்டு முறை அலசி,
அதே நீரை நிரப்பி,
வெந்நீரில் முக்கிய கலஃபாத்தே முள்ளால்
மூலையில் ஒரு துளை.
பிதுக்கினால்
ஊசி போல் பாய்ந்தது நீர்.

ரொசாமெல் தன் மாடுகளின் பெயரை
ஒவ்வொன்றாகக் கத்தினான்.
பதினொன்றாவது மாட்டுக்குப் பெயர் வரவில்லை,
வேறென்னவோ வந்தது.

முதல் கெண்டியில் பட்டைத் துணுக்கு.
இரண்டாவதில் பாசி, ஒரு மணல்.
மூன்றாவதில்
நீல இழை ஒன்று சுருண்டு மிதந்து வந்தது.

காலுறையின் இழை.
அந்த நீலம் எனக்குத் தெரியும்.
அவுரியும் அரைக்கைப் பிடி உப்புமாய்
ஓர்ஃபெலினா காய்ச்சிய நீலம்.
என் தங்கை.
போய் ஏழு வருஷம்.
குதிகாலில் மட்டும் வேறு நூலில்
அவனே தைத்த ஒட்டு, நாலைந்து, கோணலாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
இழையைத் தீயில் போடவுமில்லை.
நான்காவது கெண்டி வைத்தேன்.

"தைத்துவிடேன், சேண ஊசி இருக்கிறதே."
"சேணத்துக்குச் சீழ் பிடிக்காது."
அழுக்கை உள்ளே வைத்து மூடுவதைவிடத்
திறந்தே கிடப்பது மேல்.
கொதித்த சட்டைக் கிழிசலைத் தளர்வாய் உள்ளே இட்டு
உலர்ந்த துணியை மேலே சுற்றினேன்.
கணக்கு எழுதும் பேனாவால்
சிவப்பின் கரையைச் சுற்றி ஒரு கோடு.
அவன் தூங்கினான். நான் தூங்கவில்லை.
நடுவே ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்,
நெற்றியை, புறங்கையால்.

விடியலில் துணி மாற்றும்போது பார்த்தால்
ஒரு பக்கம் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது,
கோதுமை மணி அகலம்.
மாத்தே குடிக்கவில்லை. சேணம் பூட்டினேன்.
மன்சானாவின் முதுகில் அவனை ஏற்றி
காயம்பட்ட காலைச் சுருட்டிய போர்வைமேல் தூக்கி வைத்து
கடிவாளத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

ஆற்றங்கரை வந்தபோது
பின்னாலிருந்து சொன்னான்:
"எதுவினா, அந்த வேலி...
அது நீ போட்ட இடத்திலேயே இருக்கட்டும்."

"வாயை மூடு.
விரலை ஆட்டு."

திரும்பிப் பார்த்தேன்.
ஐந்தும் ஆடின.
தண்ணீர் குதிரையின் முழங்கால்வரைதான் இருந்தது.